பேகன் சாமிகளும் ரோதைமுனியும்: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

உ
முனியாண்டி துணை

கிளாஸ்டன்பரி, சமர்செட்
2025 நவம்பர்

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் இருவரின் நலத்தையும், தோட்டத்து லயத்தில் உள்ள மற்றவர்களின் நலத்தையும் அறிய ஆவல். தங்கச்சி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். நான் சூனியக்காரர்கள் கூடியிருக்கும் ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அவளுடைய சபையில் பேச்சு எழுந்திருப்பதாகவும், எனக்காக உபவாச ஜெபம் வைத்திருப்பதாகவும், அதைக் கேட்டதிலிருந்து பெரியம்மாவுக்குத் தூக்கமில்லை என்றும் சொன்னாள். நீங்கள் மட்டும், "அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொல்" என்றீர்களாம். நாற்பது வருடமாக முனிக்குப் பூசை போடுகிறவர் அப்படித்தான் கேட்பார். அதனால் இந்தக் கடிதத்தில் குளிரையும் சம்பளத்தையும் பற்றி எழுதாமல், நீங்கள் கேட்டதற்கே பதில் எழுதுகிறேன்.

இங்கே அவர்களைப் பேகன்கள் என்கிறார்கள். கிறிஸ்தவம் வருவதற்கு முன் ஐரோப்பாவில் கும்பிடப்பட்ட தெய்வங்களை இந்தக் காலத்தில் மறுபடியும் கும்பிடுகிறவர்களுக்கு அது பொதுப் பெயர். அவர்களுக்குள் விக்கா என்றும், டுரூயிட் என்றும், வட ஐரோப்பியத் தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் என்றும் பல பிரிவுகள் இருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான வேத நூலோ தலைமைக் குருவோ கிடையாது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 74,000 பேர் தங்களைப் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள். அதே கணக்கில் இந்துக்கள் பத்து இலட்சம் பேர். ஆக, சபையில் நினைப்பதுபோல் நாடே அவர்கள் கையில் இல்லை. ஆனால் இந்தச் சிறிய ஊரில் அவர்களைக் காணாமல் கடைத்தெருவைக் கடக்க முடியாது என்பதும் உண்மைதான்.

ஊரின் கதை அப்படி. இங்கே ஒரு பெரிய கிறிஸ்தவ மடம் இருந்தது. 1539இல் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்கள் அதன் கடைசி மடாதிபதியை ஊருக்கு மேலேயுள்ள டோர் என்னும் குன்றில் ஏற்றித் தூக்கிலிட்டார்கள். மடம் இடிந்து கிடக்கிறது. அந்தக் குன்றின் உயரம் 158 மீற்றர்தான், நம் ஊரில் அதை மேடு என்போம். அதன் உச்சியில் மிக்கேல் சம்மனசின் கோபுரம் ஒன்று நிற்கிறது. கிறிஸ்தவர்கள் அதைப் பார்க்க ஏறுகிறார்கள், பேகன்கள் சூரியன் உதிப்பதைப் பார்க்க ஏறுகிறார்கள், மீதிப் பேர் படம் எடுக்க ஏறுகிறார்கள். ஊருக்குள் பெண் தெய்வத்துக்கென்று ஒரு கோவில் உண்டு. 2003இல் அரசாங்கம் அதை முறைப்படி வழிபாட்டுத் தலமாகப் பதிவு செய்தது.

குன்றின் அடியில் ஓர் ஊற்று இருக்கிறது, பெரியப்பா. தண்ணீர் சிங்க முகம் வைத்த குழாயின் வாயிலிருந்து விழுகிறது. அது விழுகிற இடத்திலும் ஓடுகிற வழியிலும் கற்கள் எல்லாம் துருவேறிச் சிவந்திருக்கின்றன. கையில் ஏந்திக் குடித்தால் நாக்கில் இரும்பு தெரிகிறது. இயேசு கடைசி இராப்போசனத்தில் பயன்படுத்திய கிண்ணத்தை, அவரை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பு இங்கே கொண்டுவந்து புதைத்ததால் தண்ணீர் சிவந்தது என்பது கிறிஸ்தவர்களிடையே வழங்கும் கதை. பூமித்தாயின் இரத்தம் என்று பேகன்கள் சொல்கிறார்கள். எங்கள் முதியோர் இல்லத்தின் மேலாளருக்கு எந்த மதமும் இல்லை. அவர், "இரும்புத் தாது, வேறொன்றுமில்லை" என்பார். மூன்று தரப்பாரும் ஒரே குழாயில் போத்தலை நீட்டி நிரப்பிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

என்னோடு இரவு வேலை செய்யும் ஓர் அம்மா பேகன். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மூட்டு வலியோடு வந்து நோயாளிகளைத் தூக்கிப் புரட்டுகிறவர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒக்டோபர் 31ஆம் திகதி, ஊர்ப் பிள்ளைகள் பேய் வேடம் போட்டு மிட்டாய் கேட்டுத் திரிகிற இரவில், அவர்களுக்குச் சௌவின் என்ற பண்டிகை. அன்று அவர் வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அடுப்புக்கு மேலுள்ள தட்டில் செத்துப்போன அவருடைய தாய் தகப்பன் படம், இரண்டு மெழுகுதிரி, குறுக்கே வெட்டிய ஓர் ஆப்பிள், ஒரு கிளாஸ் ஆப்பிள் மது, சமைத்ததில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி என்று வைத்திருந்தார். நாங்கள் சாப்பிடும் முன் தாயின் பெயரைச் சொல்லி வந்து சாப்பிடும்படி அழைத்தார். மறுநாள் காலையில் அந்தச் சாப்பாட்டைத் தோட்டத்து மரத்தடியில் வைத்துவிடுவாராம். ஆடி அமாவாசைக்குப் பெரியம்மா தாத்தாவுக்குப் படையல் போட்டு, வெற்றிலையும் சுருட்டும் வைத்து, காக்கைக்குச் சோறு வைக்கிற நாள் எனக்கு நினைவுக்கு வராமல் இருக்குமா? ஆப்பிளைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரிகிறது. சபையில் பிசாசின் அடையாளம் என்று சொல்கிற அந்த நட்சத்திரம், அவர்களுக்கு மண், நீர், நெருப்பு, காற்று ஆகிய நான்கோடு ஆவியையும் சேர்த்த ஐந்தைக் குறிக்கிறது.

இனி, மற்றவர்கள் அவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். பெரியம்மாவின் கவலையும் அங்கேதான் இருக்கிறது.

விக்காக்காரர்கள் ஒரு பெண் தெய்வத்தையும், கொம்புள்ள ஓர் ஆண் தெய்வத்தையும் கும்பிடுகிறார்கள். கொம்பு என்றாலே கிறிஸ்தவச் சித்திரங்களில் சாத்தான். அதனால் இவர்கள் சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் என்ற முடிவுக்குப் பலர் ஒரே எட்டில் போய்விடுகிறார்கள். அந்த அம்மாவிடம் நேராகவே கேட்டேன். சாத்தான் கிறிஸ்தவர்களின் வேதத்தில் இருப்பவன், அந்த வேதத்தை ஏற்காத தனக்கு அவன் எதற்கு என்று கேட்டார். லண்டனில் நம் தமிழ்ச் சபை ஒன்றின் போதகர், அஞ்ஞானிகள் படைப்பது பேய்களுக்கே என்று பவுல் அப்போஸ்தலர் எழுதியதை எடுத்துக்காட்டி, இந்த ஊர்ப் பக்கமே போகக் கூடாது என்று பிரசங்கித்ததை நான் காணொளியில் கேட்டேன். அவர் மனதார நம்பித்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பயம் சும்மா கிடப்பதில்லை. 1990இல் ரோச்டேல் என்ற ஊரிலும் 1991இல் ஓர்க்னித் தீவுகளிலும், சாத்தான் சடங்குகளில் பிள்ளைகள் சித்திரவதை செய்யப்படுவதாகக் கிளம்பிய பேச்சை நம்பி அதிகாரிகள் விடியற்காலையில் வீடு புகுந்து பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். பிறகு அரசாங்கத்துக்காக ஆராய்ந்த ஜீன் லா ஃபொன்டேன் என்ற மானிடவியல் பேராசிரியர், சாத்தான் சடங்கு நடந்ததற்குச் சான்று இல்லை என்று 1994இல் அறிக்கை கொடுத்தார். அந்தக் குடும்பங்கள் பேகன் குடும்பங்கள்கூட அல்ல. அந்த நாட்களில் வீட்டிலிருந்த நட்சத்திரச் சங்கிலியை எல்லாம் ஒளித்து வைத்ததாக அந்த அம்மா சொல்லும்போது, அவருடைய கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

எல்லாக் கிறிஸ்தவர்களும் அப்படிப் பார்ப்பதில்லை என்பதையும் தங்கச்சியிடம் சொல்லுங்கள். எங்கள் இல்லத்துக்கு வரும் ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவர் இந்த அம்மாவோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு வாதாடுவார். 601ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் முதலாம் கிரெகோரி, இங்கிலாந்துக்கு அனுப்பிய துறவிகளுக்குக் கடிதம் எழுதி, பழைய கோவில்களை இடிக்காதீர்கள், உள்ளேயிருக்கும் சிலைகளை மட்டும் அகற்றிவிட்டுப் புனித நீர் தெளித்துத் தேவாலயமாக்குங்கள் என்று சொன்னதை அவர்தான் எனக்குச் சொன்னார். "அவர்கள் படைக்கப்பட்டதைக் கும்பிடுகிறார்கள், நாங்கள் படைத்தவரைக் கும்பிடுகிறோம், அது பெரிய வித்தியாசம்தான், ஆனால் மரத்தை மதிக்க அவர்களிடம் எங்கள் ஆட்கள் கற்றுக்கொள்ளலாம்" என்பார். அது நியாயமான பேச்சாக எனக்குப் பட்டது.

எங்களோடு வேலை செய்யும் சோமாலியத் தாதி ஒருத்தி இருக்கிறாள். அல்லாஹ்வுக்கு இணை வைப்பது அவளுடைய மார்க்கத்தில் எல்லாவற்றிலும் பெரிய பாவம். யூதர், கிறிஸ்தவர் போல வேதம் கொடுக்கப்பட்டவர்களாகவும் பேகன்களை அவள் எண்ணுவதில்லை. ஒரு நோயாளியின் மேசையில் சிறு தெய்வச் சிலை இருந்தபோது, அதைத் தூக்கித் துடைக்கும் வேலையை என்னிடம் மெதுவாகத் தள்ளிவிட்டாள். ஆனால் அந்த நோயாளி இறக்கும் தறுவாயில் இரவு முழுவதும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். கண்டியிலிருந்து வந்த சிங்கள அக்காவுக்கோ இதில் ஒரு சிக்கலும் இல்லை. தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள் இருக்கிற ஊரில் பிறந்தவர் அல்லவா? மோட்சத்துக்குப் புத்தரின் வழி, மற்றக் காரியங்களுக்குத் தேவர்கள் என்று அவர் பிரித்து வைத்திருக்கிறார். இந்தத் தெய்வங்கள் நேர்த்திக்கடன் வைத்தால் செய்து தருவார்களா என்பது மட்டுமே அவர் கேட்ட கேள்வி.

மதமில்லாதவர்களின் பார்வைதான் அந்த அம்மாவை அதிகம் நோகச் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாதிரியார் எதிர்த்தாலும் அவருடைய சாமியை மெய்யென்று எண்ணித்தான் எதிர்க்கிறார். மேலாளர் எதிர்ப்பதுகூட இல்லை, சிரிக்கிறார். அங்கி போட்டுக்கொண்டு ஆடும் நாடகம், நேற்றுக் கட்டிய கதை என்பது அவர் முடிவு. இந்த ஏளனத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஐரோப்பாவின் பழைய மதம் காட்டுக்குள் ஒளிந்திருந்து, அறுபடாமல் தொடர்ந்து வந்தது என்று மார்கரெட் மரே என்ற அறிஞர் 1921இல் எழுதியதை இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருவான மதம் என்று காட்டினார். அந்த அம்மாவின் வீட்டிலும் அந்த நூல் இருக்கிறது. படித்துப் படித்து அட்டை கிழிந்திருக்கிறது.

அந்த மதத்தை உருவாக்கியதில் முதன்மையானவர் யார் தெரியுமா, பெரியப்பா? நம் மலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை. ஜெரால்ட் கார்ட்னர் என்று பெயர். 1900ஆம் ஆண்டையொட்டி இளம் பையனாக இலங்கைக்கு வந்து, ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே உள்ள நொன்பரெயில் தோட்டத்தில் தேயிலை வேலை பழகினார். அதன்பின் போர்னியோவுக்கும் மலாயாவுக்கும் போய், 1936இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். இங்கிலாந்தின் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டதும், 1954இல் தன் மதத்தைப் பற்றி வெளிப்படையாகப் புத்தகம் எழுதினார். அவருடைய வழியில் சடங்குகளை ஆடையின்றிச் செய்வார்கள். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை. (இந்த வரியைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். என்னோடு வேலை செய்கிற அம்மா குளிருக்கு இரண்டு கம்பளிச் சட்டை போடுகிறவர்.) நம் ஆட்கள் கும்பிட்டதைப் பார்த்துத்தான் அவர் இந்த மதத்தைக் கட்டினார் என்று யாராவது பெருமை பேசினால் நம்பாதீர்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்ற நம் பாட்டன்மாரின் சாமிகளை அந்தச் சின்னத்துரை ஏறிட்டுப் பார்த்தாரோ இல்லையோ.

ஆனால் மேலாளரின் "நேற்றுக் கட்டிய கதை" என்ற சொல் என்னை வேறு வழியில் யோசிக்க வைத்தது. நம் ரோதைமுனிக்கு என்ன வயது? ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை போட்டது 1867இல். கோப்பி நோயில் அழிந்து தேயிலை பரவி, தேயிலை அரைக்கும் ஸ்டோர் கட்டி, அதன் பெரிய சக்கரமான ரோதை சுற்றத் தொடங்கிய பிறகுதானே அந்த ரோதையில் ஒரு முனி குடியேறியிருக்க முடியும்? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் முன் கத்தியை வைத்துக் கும்பிடுகிற கவ்வாத்துச் சாமியும் தேயிலைக்கு மூத்தவராக இருக்க வழியில்லை. புராணத்தில் இவர்கள் பெயர் கிடையாது. ஆனாலும் ஸ்டோரில் வேலைக்குப் போகிறவன் ரோதைக்குக் கற்பூரம் காட்டாமல் பெல்ட்டைத் தொடமாட்டான். கையை இழந்தவர்களைக் கண்ட இடத்தில், பயம் தன் சாமியைத் தானே உண்டாக்கிக்கொண்டது. அதை யாரும் நாடகம் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். பழையது என்பதால் மட்டும் ஒரு சாமி மெய்யாவதில்லை, புதியது என்பதால் மட்டும் பொய்யாவதும் இல்லை என்று அன்றைக்கு மேலாளரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. தேநீர் ஆறிவிட்டது என்று எழுந்து போனார்.

தங்கச்சியின் சபை இன்று இவர்களைப் பற்றிச் சொல்வது, ஒரு காலத்தில் நம்மைப் பற்றிச் சொல்லப்பட்டதுதான். 1854இல் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, இந்த நாட்டிலிருந்து வந்த பாதிரிமார் நம் முனியையும் மாடனையும் பேய் என்றுதான் எழுதினார்கள். வெளியாள் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் சிறுதெய்வங்களுக்குப் பலி கொடுப்பதைக் கடுமையாகக் கண்டித்தவர். பேகன்களைப் பற்றி ஒருவர் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம், அவர் உங்கள் பூசையை வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்குள் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான பார்வை ஒன்றும் உண்டு. லண்டனில் கோவில் நடத்தும் நம் ஆட்கள் சிலர், "அவர்களும் இந்துக்கள்தான், வழி தவறிப் போன நம் பிள்ளைகள்" என்று சொல்லி அணைத்துக்கொள்கிறார்கள். அன்பான பேச்சுத்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தன் தெய்வம் இந்த மண்ணின் தெய்வம், கங்கைக் கரையிலிருந்து வாடகைக்கு வந்ததல்ல என்கிறார். நானும் யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படையலும் பஞ்சபூதமும் ஒத்துப்போகின்றன, மறுபிறவியை அவர்களில் பலர் நம்புகிறார்கள், அவ்வளவுதான். நமக்குச் சாமி பிறப்போடு வருகிறது. எந்த முனிக்கு யார் கட்டுப்பட்டவர், யார் வரி கொடுக்க வேண்டும், யார் கரகம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் நாம் கேட்காமலே தீர்மானமாகியிருக்கிறது. அவர்களோ தாய் தகப்பன் மதத்தை விட்டு, தனியாகப் புத்தகம் படித்து, தேடி வந்து சேர்ந்தவர்கள். பெரும்பாலும் விலங்கைப் பலியிடுவதில்லை. பிடிக்காவிட்டால் விட்டுப் போகலாம், யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிட்டால் ரதியும் மன்மதனும் கட்டுபவர்கள் விரதம் முடியாமல் விலக முடியாது என்று அவரிடம் சொன்னபோது, பொறாமையோடு கேட்டாரா, பயத்தோடு கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்களுக்குள்ளும் கெட்டது இருக்கிறது. வட ஐரோப்பியத் தெய்வங்களின் பெயரால் வெள்ளை இனமே உயர்ந்தது என்று பேசும் கூட்டங்கள் உண்டு. என் நிறத்தில் ஒருத்தி அங்கே போய் உட்கார முடியாது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஓர் அமைப்போடு உறவில்லை என்று பல நாட்டுக் குழுக்கள் 2016இல் சேர்ந்து அறிக்கை விட்டன. பழைய சாமியைக் கும்பிடுகிற எல்லோரையும் நல்லவர்கள் என்று எழுதி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை.

அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர்களுக்கு இப்போது இடம் இருக்கிறது. டுரூயிட் அமைப்பு ஒன்றை 2010இல் சமய அறநிலையமாகப் பதிந்தார்கள். ஆனால் எல்லா மதத்தவரும் கூடும் தேசியச் சர்வமத அமைப்பு, முதலில் அவர்களைச் சேர்க்க மறுத்து, 2014இல்தான் சேர்த்துக்கொண்டது. அந்த அமைப்பே அரசாங்கப் பணம் நின்றுபோனதால் 2024இல் மூடப்பட்டது. கதவு திறந்து பத்து வருடத்தில் வீடே போய்விட்டது என்று அந்த அம்மா சிரிக்கிறார். சட்டத்தில் இடம் கிடைத்தும், வேலைக்கு மனுப் போடும்போது மதம் என்ற இடத்தை அவர் இன்றும் வெறுமையாகவே விடுகிறார்.

பெரியம்மாவிடம் சொல்லுங்கள்: யாரும் எனக்கு மருந்து வைக்கவில்லை, மந்திரிக்கவில்லை, மதம் மாறச் சொல்லவும் இல்லை, ஆள் சேர்ப்பது அவர்களுக்கு வழக்கமில்லை. நீங்கள் கட்டி அனுப்பிய கயிறு கையில்தான் இருக்கிறது. தங்கச்சி ஜெபம் பண்ணுவதையும் தடுக்க வேண்டாம், அவள் பாசத்தில் செய்கிறாள்.

கடைசியாக ஒன்று. உங்களைப் பற்றி நான் சொன்னதிலிருந்து அந்த அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கும் சில கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பூசை போடும் உரிமை உங்களுக்கு எப்படி வந்தது, தாத்தா கை காட்டினாரா, இல்லை முனியே யார் மேலாவது இறங்கி வந்து சொன்னதா? ஸ்டோரை மூடிவிட்டால் ரோதைமுனிக்கு யார் விளக்கு வைப்பது? பெண்கள் ஏன் அந்தப் பூசைக்குப் பக்கத்தில் வரக் கூடாது? மூன்றாவது கேள்வியை நானும் சின்ன வயதிலிருந்தே கேட்க நினைத்ததுண்டு. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்கு வரும்போது அவளுடைய போனில் பேசிப் பதிந்து அனுப்புங்கள். அவருக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்